கைவரைந்த கோடும் கடைச்சரக்கும்

தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்ற குறை இந்நாட்டில் மேடைதோறும் ஒலிக்கிறது. குறையைச் சொல்வோர் மருந்தையும் உடன் சொல்லிவிடுகின்றனர். பாலர்பள்ளிக்கு ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. வகுப்புக்கு நான்கு தட்டைக் கணினிகள். அவற்றில் ஓடுவதற்கு எங்கிருந்தோ வந்த கார்ட்டூன் படங்கள். நாடா வெட்டப்படுகிறது, கைதட்டல் எழுகிறது, நாளேட்டில் செய்தியும் வருகிறது. பிள்ளையின் நாவில் தமிழ் ஏறியதா என்று கேட்க மறுநாள் எவரும் அவ்வகுப்புக்குச் செல்வதில்லை.

நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்குப் படம் வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் மனம் வாராது, சொல்லவும் கூடாது. அசையும் சித்திரம் சிறு பிள்ளையின் கண்ணையும் கருத்தையும் ஒருங்கே ஈர்க்க வல்லது. வழக்கு அதுபற்றியதன்று. அச்சித்திரத்தை எவர் வரைவது, எதை வரைவது, எவருக்காக வரைவது என்பதே வழக்கு. கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரையுள்ள வட சிலாங்கூர் தோட்டப்புறத்தை முன்னிறுத்திச் சொல்ல வேண்டியது இதுவே: பிள்ளைக்கு எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் சித்திரப்படம் கையால் வரையப்பட வேண்டும், அப்பிள்ளையை அறிந்தவர் கையால் வரையப்பட வேண்டும், அப்பிள்ளை வாழும் மண்ணை அது காட்ட வேண்டும். கடையில் வாங்கும் படம் இம்மூன்றில் ஒன்றையும் தாராது.

தோட்டத்துப் பிள்ளை கண்ட படம்

கோலசிலாங்கூர் வட்டாரம் இந்நாட்டுத் தோட்டத் தொழிலின் வரலாற்றில் ஓர் ஓரத்து ஊரன்று. செம்பனை முதன்முதலில் வாணிகப் பயிராக நடப்பட்டது இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில், ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இம்மண்ணில் தாம் கண்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய புதினம் 1930இல் பிரான்சு நாட்டின் கொன்கூர் பரிசைப் பெற்றது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் இவ்வூரின் மரத்தையும் மனிதரையும் கண்டு உலகறியும் நூலொன்றை ஆக்கினார். அம்மரத்தடியில் உழைத்தவரின் பிள்ளைகளுக்கு அவர்தம் ஊரைக் காட்டும் ஒரு படநூல் கூட நெடுங்காலம் கிடைக்கவில்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளியை நடத்த வேண்டும் என விதித்தது. பள்ளி என்ற பெயரில் எழுந்தவற்றுள் பல, தகரக் கூரையும் நான்கு தூண்களுமே. ஏழு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்குச் சட்டம் எழுத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அப்பிள்ளைக்கு ஆயாக்கொட்டகை இருந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு ஓடும் தாய், உறங்கும் பிள்ளையைத் தூக்கிவந்து அங்கே விட்டுச் செல்வாள். ஆயாக்கொட்டகையைப் பொற்காலத்துச் சோலையாக்கிப் பேச வேண்டியதில்லை. அங்கே வறுமையும் இருந்தது, சளியும் சொறியும் இருந்தன. ஆயினும் அங்கே ஒரு முதியவள் இருந்தாள். பாட்டுச் சொன்னாள், பெயர் சொல்லி அழைத்தாள், குச்சியால் மண்ணில் கோடிழுத்துக் காக்கையும் குருவியும் காட்டினாள். பிள்ளை கேட்டதற்கு விடை சொன்னாள்.

அசையும் படம் தோட்டத்துக்கு வந்தது திடலில். வெள்ளைத்துணி கட்டி, இரவில், பாய் விரித்து, ஊரே அமர்ந்து பார்த்த படம் அது. பெரியவர்க்கான கதையைப் பிள்ளைகள் பாதி உறக்கத்தில் கண்டனர். 1963 டிசம்பர் இறுதியில் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. 1972 ஜூன் 19இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஆனால் தோட்டத்து மின்னாக்கி மாலையில் மட்டுமே உறுமிய லயங்களில் பகற்பொழுதுப் பாடம் எப்படி ஒளிரும்? பட்டணத்துப் பிள்ளை படம் பார்த்துக் கற்றபோது தோட்டத்துப் பிள்ளை பலகையும் பலப்பமுமாக இருந்தது.

இன்று நிலை தலைகீழாயிற்று. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் ஈஜோக், ஜெராம் பக்கங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. விடுதலை பெற்ற 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. ஆயாக்கொட்டகை மறைந்தது. ஆயாவின் மடி இருந்த இடத்தில் இப்பொழுது கைப்பேசி இருக்கிறது. மின்சாரமின்றிப் படம் காணாதிருந்த பிள்ளை, இன்று படத்தைத் தவிர வேறொன்றும் காணாமல் இருக்கிறது. அன்று இல்லாமை கொடுமை. இன்று அளவின்மை கொடுமை. இரண்டு காலத்திலும் அப்பிள்ளைக்கென ஒருவர் உட்கார்ந்து வரையவில்லை என்பது மட்டும் மாறவில்லை.

முதற்கோடு இட்டவர்

கையால் வரைந்து படம் செய்வது தமிழர்க்கு எட்டாத வித்தை என்று கருதுவோர் இந்நாட்டுப் பட வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று. மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படம், சருகுமானின் கதையைச் சொல்லும் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்'. அதனை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். பெயர் அந்நியமான பெயரன்று. 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவாகத் தோன்றிப் பின்னர் பிலெம் நெகாரா எனப் பெயர் பெற்ற அரசு நிறுவனத்தில் அரங்க அமைப்பாளராக இருந்தவர் அவர். 1978இல் உருவான அப்படம் மக்கள் பார்வைக்கு வந்தது 1983இல். இக்காலத்துக் கணினி எதுவும் அவர்முன் இல்லை. தாள் இருந்தது, வண்ணம் இருந்தது, பொறுமை இருந்தது.

அப்படத்தைத் தொடர்ந்து அதே நிறுவனத்தில் ஹசான் அப்துல் முத்தாலிப் சருகுமானும் குரங்கும், அறிவுள்ள காகம், செருக்குற்ற முயல் எனக் குறும்படங்களைச் செய்தார். லாட் என்னும் ஓவியர் 1979இல் 'கம்போங் பாய்' என்னும் நூலை வரைந்தார். பேராக் மாநிலத்துச் சிற்றூரில் வளர்ந்த ஒரு சிறுவனின் ஆற்றுக்குளியலும் ஓதுபள்ளியும் கோடுகளில் உயிர்பெற்றன. 1997இல் அது தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று. 2007இல் 'உப்பின் இப்பின்' வந்தது. கணினியால் ஆக்கப்பட்ட அத்தொடர் எல்லை கடந்து புகழ் பெற்றது. அதில் முத்து என்ற கடைக்காரர் இருக்கிறார்; ராஜு என்ற பிள்ளை இருக்கிறான். அன்பாகவே காட்டப்படுகின்றனர். குறை சொல்ல இடமில்லை. பிறர் தம் பிள்ளையின் கதையைச் சொல்லும்போது அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் ஓரிடம் தந்தனர். அது அவர்தம் பெருந்தன்மை.

ஆனால் தமிழ்ப் பிள்ளை எத்தனை காலம் பிறர் கதையில் அண்டை வீட்டுப் பிள்ளையாகவே இருக்கும்? கம்போங் சிறுவனை உலகம் அறியும். தோட்டத்துச் சிறுவனை யார் அறிவர்? அவனை வரைந்து காட்டும் கடமை லாட்டுக்கு உரியதன்று; அவனைப் பெற்ற சமுதாயத்துக்கு உரியது. இந்நாட்டின் முதல் அசைவூட்டப் படத்தை அளித்த ஆனந்தம் சேவியரின் பெயரைத் தமிழ்ப்பள்ளி மாணவருள் எத்தனை பேர் கேட்டிருப்பர்? நடிகரின் பிறந்தநாளை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவருள் எத்தனை பேர் கேட்டிருப்பர்? முன்னோடியை மறந்த இடத்தில் பின்னோடி பிறப்பதில்லை.

கடைச்சரக்கின் குணம்

கடைச்சரக்கு எவ்வழி வருகிறது என்பதையும் காண வேண்டும். 2007இல் சென்னையில் சுட்டி டிவி தோன்றியது. டோரா என்னும் சிறுமியின் அமெரிக்கத் தொடர் அதில் தமிழ் பேசியது. 2013இல் சென்னையிலேயே சுச்சு டிவி தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவருள் ஒருவர் தமிழ்த் திரையிசையமைப்பாளர் சந்திரபோஸின் மகன் வினோத் சந்தர். யூடியூபில் உலகெங்கும் குழந்தைகள் பார்க்கும் பாட்டுப் படங்கள் அங்கிருந்தே பிறந்தன. உழைப்பும் திறமையும் பாராட்டுக்குரியன. ஆனால் அந்நிறுவனத்துக்கு உலகப்புகழ் தேடித் தந்தவை ஆங்கில மழலைப் பாட்டுகள். தமிழ்ப் படங்களும் அங்கே உண்டு. அவை பெரிய வாணிகத்தின் சிறிய கிளை. சென்னையில் தமிழர் கைகளே ஆக்கினும், சந்தை எதைக் கேட்கிறதோ அதையே ஆலை நெய்யும். புக்கிட் ரோத்தானில் உள்ள பதினைந்து பாலர்பள்ளிப் பிள்ளைகள் ஒரு சந்தையாக மாட்டார்கள். எந்த நிறுவனமும் அவர்களுக்காகப் படம் செய்யப்போவதில்லை. இதில் கோபங்கொள்ள ஒன்றுமில்லை, புரிந்துகொள்ளவே வேண்டும்.

இன்னொரு குணமும் உண்டு. சந்தைப் படத்தின் முதல் வேலை பிள்ளையைக் கண் விலகாமல் இருத்திவைப்பது, கற்பிப்பது அதன்பின்தான். ஆகவே காட்சி நொடிக்கொரு முறை மாறுகிறது; வண்ணம் பாய்கிறது; ஓசை ஓய்வதில்லை. 2011இல் அமெரிக்காவில் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரை வைத்து லில்லார்டு, பீட்டர்சன் என்னும் இருவர் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பகுதியினர் விரைந்தோடும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்தனர். ஒரு பகுதியினர் நிதானமாக நகரும் கல்விப் படத்தைப் பார்த்தனர். மூன்றாம் பகுதியினர் வண்ணக்கோல் கொண்டு படம் வரைந்தனர். உடனே வைத்த சோதனைகளில் விரைவுப் படம் பார்த்தவர்கள் கவனத்திலும் தன்னடக்கத்திலும் படம் வரைந்தவர்களைக் காட்டிலும் தெளிவாகப் பின்தங்கினர். அப்பாதிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை அவ்வாய்வு சொல்லவில்லை; சொல்லாததை ஏற்றிக் கூறுவது முறையன்று. ஆயினும், ஓடும் படத்தின் முன் இருத்தப்பட்ட பிள்ளையைவிடக் கையில் வண்ணக்கோல் பிடித்த பிள்ளை நல்ல நிலையில் இருந்தது என்ற செய்தியைத் தட்டைக் கணினி வாங்கித் தரப் புறப்படுவோர் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை ஆகாது, குறைவாயின் இன்னும் நன்று என வரையறுத்தது. ஒரு மணி நேரமே உண்டெனில், அந்த நேரத்தில் எதைக் காட்டுவது என்பது இன்னும் பெரிய கேள்வியாகிறது.

எழுதுதலும் வரைதலும்

எழுது என்னும் சொல் பழந்தமிழில் எழுத்தெழுதுதலையும் ஓவியம் தீட்டுதலையும் ஒருங்கே குறித்தது. பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைப் பரிபாடல் எழுத்தின் பெயராலேயே சுட்டுகிறது. அங்கே வந்தவர் சுவரோவியத்தைக் காட்டி இது யார், இது எது என வினவ, உடனிருந்தவர் விளக்கிச் சொல்வதையும் அந்நூல் காட்டுகிறது. படம், பார்ப்பவர், பக்கத்தில் நின்று விளக்குபவர் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில்தான் படம் பாடமாகிறது. மூன்றாமவரை நீக்கிவிட்டு முதலிரண்டை மட்டும் அறைக்குள் அடைத்ததே இக்காலத்துப் பிழை.

தமிழெழுத்து அசைவில் பிறப்பது. அச்சில் கிடக்கும் எழுத்து அதன் முடிந்த நிலை. 'அ' என்ற எழுத்தில் சுழி எங்கே தொடங்குகிறது, கோடு எங்கே திரும்புகிறது, எங்கே முடிகிறது என்பதை அச்சுப்புத்தகம் சொல்லாது. ஆசிரியர் கை சொல்லும். அசையும் சித்திரமும் சொல்லும். உயிர்மெய்யில் சிறு பிள்ளை தடுமாறும் இடம் ஒன்றுண்டு. ககரத்தோடு எகரம் சேர்ந்தால் ஒலியில் எகரம் பின்னே வருகிறது. எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. 'கொ' என்னும்போது ஒரே உயிரொலி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. பெரியவர்க்கு இது பழகிப்போன செய்தி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது புதிர். 'க' நடுவில் நிற்க, கொம்பு ஒருபுறமிருந்தும் கால் மறுபுறமிருந்தும் நடந்துவந்து அதன் கையைப் பிடித்துக்கொள்வதாக ஐந்து நொடிச் சித்திரம் ஒன்று செய்துகாட்டினால் புதிர் விளையாட்டாகும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்கும் படம் வேண்டுவதில்லை. தடுமாறும் இடங்கள் இருபதோ முப்பதோ; அவற்றை வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் ஆசிரியர் அறிவார். தொலைவில் இருந்து மொழிமாற்றுபவர் அறியார்.

இவ்வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் அச்சம் நீங்கும். திரைப்படச் சுருளில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்துவது அசைவூட்டத்தின் வழக்கம். ஆக நொடிக்கு 12 ஓவியம். எழுத்துப் பாடத்துக்கு 6 ஓவியமே போதும். அரை நிமிடப் படத்துக்கு 180 ஓவியங்கள். நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் இருபது பேர் ஆளுக்கு ஒன்பது தாள் வரைந்தால் பாலர்பள்ளித் தம்பி தங்கைகளுக்கு ஒரு படம் ஆயிற்று. பன்னிரண்டு உயிரெழுத்துக்கும் தலா பத்து நொடி எனக் கொண்டால் 720 ஓவியங்கள்; ஆறு பள்ளிகள் பங்கிட்டால் பள்ளிக்கு 120. பின்னணியை ஒருமுறை வரைந்துவிட்டு, அசையும் உருவை மட்டும் கண்ணாடித்தாளில் வரைந்து மேலே வைக்கும் முறை அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டுவாக்கிலேயே வழக்குக்கு வந்துவிட்டது. புத்தகத்துக்கு உறையிடும் கண்ணாடித்தாள் எந்தப் பள்ளியில் இல்லை? மேலே நின்று நோக்கும் ஒரு கைப்பேசியும், கீழே விளக்கு வைத்த ஒரு கண்ணாடிப் பலகையும் மீதித் தேவை. கைப்பேசியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி, வரைந்த தாளின்மேல் பிடித்தால் அதே கருவி கற்பிக்கும் கருவியாகும்.

இது வெறும் கற்பனையன்று. 1949இல் நார்மன் மெக்லாரன் என்னும் கனடியப் படைப்பாளர் யுனெஸ்கோவின் சார்பில் சீனச் சிற்றூர்ப் பகுதிக்குச் சென்று, உள்ளூர் ஓவியர்களுக்கு எளிய சித்திரப்படங்கள் செய்யப் பழக்கினார். ஊர்மக்களுக்கு உடல்நலப் பாடம் சொல்வதற்காக நடந்த முயற்சி அது. படம்பிடி கருவியே இல்லாமல், படச்சுருளின்மேல் நேராகக் கோடிட்டுப் படம் செய்யும் வித்தையில் அவர் வல்லவர். வெளியிலிருந்து படத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும் என்று அவர் எண்ணவில்லை. படம் செய்யும் கையை அங்கேயே வளர்க்க எண்ணினார். இந்தியாவில் 1974இல் விஜயா முலேயும் பீம்சேனும் உருவாக்கிய 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' எளிய கோடுகளாலான ஒரு சிறு படம், ஒற்றுமையைச் சொல்வது. தூர்தர்ஷனில் அதைக் கண்டு வளர்ந்தவர்கள் நரை கண்ட பின்னும் நினைவில் வைத்திருக்கின்றனர். பிள்ளை நெஞ்சில் தங்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதற்கு அது சான்று.

மறுப்போர்க்கு மறுமொழி

கையால் வரைவது பழமை என்பர் சிலர். குழந்தை நடக்கக் கற்பதும் பழமைதான். ஊர்தி வந்தது என்பதற்காக எவரும் கால்களை விலக்கிவிடவில்லை. கணினி வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. வரைந்த தாளைச் சேர்க்கவும் ஓசை இணைக்கவும் கணினி உதவட்டும். கோடு மட்டும் மனிதக் கையிலிருந்து வரட்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நொடியில் படம் தந்துவிடும் என்பர் வேறு சிலர். தரும். தான் தின்று வளர்ந்த படக்குவியலிலிருந்து தரும். அக்குவியலில் தோட்டத்து லயம் எவ்வளவு? பாலர்பள்ளிக் குழந்தையின் தமிழெழுத்து எவ்வளவு? இல்லாததை அது பொதுவான ஏதோ ஒன்றால் நிரப்பிவிடும். எழுத்தின் சுழியைத் தவறாக வரைந்து கற்பித்தால் பின்னர் திருத்தப்போவது யார்?

ஓவியம் தெரிந்தவர் இல்லை என்பது மூன்றாவது மறுப்பு. லாட்டே ரைனிகர் என்னும் செருமானியப் பெண்மணி கறுப்புத்தாளைக் கத்தரியால் வெட்டி, அந்நிழலுருக்களை அசைத்து, 1926இல் முழுநீளப் படமொன்றையே ஆக்கினார். கிளந்தானின் வாயாங் கூலிட்டும் தமிழகத்தின் தோற்பாவைக் கூத்தும் அதே நிழல் வித்தையின் உறவுகள். தாளும் கத்தரியும் பிடிக்கத் தெரிந்த ஆசிரியர் அசையும் படம் செய்யலாம். கோடு கோணினால் பிள்ளை சிரிக்கும். சிரித்த பிள்ளை மறவாது. பளபளப்பான படத்தின் முன் பிள்ளை, இது என்னால் ஆகாதது என்று வாய்பிளந்து நிற்கிறது. அக்காளும் அண்ணனும் வரைந்த படத்தின் முன், இதை நானும் செய்வேன் என்று கைநீட்டுகிறது. கல்வி தொடங்குமிடம் இரண்டாவது.

நேரமில்லை என்பது கடைசி மறுப்பு. ஆண்டு விழாவுக்குத் திரைப்படப் பாட்டுக்கு ஆட்டம் பழக்க வாரக்கணக்கில் நேரம் கிடைக்கும் பள்ளியில், ஒன்பது தாள் வரைய நேரம் கிடைக்காது என்றால் குறை கடிகாரத்தில் இல்லை.

வரையத்தக்கவை

வரைவதற்கு என்ன இருக்கிறது இவ்வூரில் என்று கேட்பவர் கண்ணிருந்தும் காணாதவர். கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருங்கே ஒளிர்ந்து ஒருங்கே அணைகின்றன. அதைக் காணக் கடல் கடந்து மக்கள் வருகின்றனர். கருந்தாளில் ஊசியால் துளையிட்டு, பின்னே கைவிளக்கை வைத்து மறைத்தும் திறந்தும் காட்டினால் மின்மினி மரம் ஆயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று துளைகளைக் கூட்டினால் எண் பாடமும் ஆயிற்று. புக்கிட் மெலாவத்தி குன்றில் பழைய கோட்டையின் பீரங்கிகள் உள்ளன. 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் உள்ளது. வெள்ளி முடிக் குரங்குகள் உள்ளன. அக்குரங்குகளின் குட்டி பிறக்கும்போது செம்மஞ்சள் நிறமாக இருந்து, வளர வளரத் தாயின் சாம்பல் நிறத்தை அடைகிறது. நிறங்களின் பெயரைக் கற்பிக்க இதனினும் இனிய கதையை எந்த நாட்டுப் படம் தரும்? செம்பனைக் காட்டில் எலி பிடிக்க வளர்க்கப்படும் கூகை, தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் பக்கத்து நெல்வயல், ஜெராம் கடற்கரையின் சேறு, தீமிதித் திருவிழா, பாட்டி சொல்லும் பால்மரக் கதை எல்லாம் எழுதப்படாத பாடங்களாகக் கிடக்கின்றன. பனிப்பொழிவைப் பாடும் பாட்டு வெயில் நாட்டுப் பிள்ளைக்கு வேடிக்கையாக இருக்கலாம். தன் வீட்டுக்கு அரை மணித் தொலைவில் ஒளிரும் மின்மினியின் தமிழ்ப் பெயரை அறியாமல் அது வளர்வது வேடிக்கையன்று, இழப்பு.

எவர் கடமை?

பழி முழுவதையும் ஆசிரியர் தலையில் ஏற்றுவது எளிது, நியாயமன்று. முதற்பங்கு எழுத்தாளருக்கு உரியது. சிறுகதைக்குப் போட்டி உண்டு. புதினத்துக்குப் பரிசு உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான்கு வரி எழுதுவது தகுதிக் குறைவு என்ற எண்ணம் எழுத்துலகில் மெல்லப் படிந்துவிட்டது. 1950களில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் பிள்ளைகளின் எழுத்துக்கு இடம் தந்தது. அதில் கைபழகியவர் பலர் பின்னாளில் இந்நாட்டின் எழுத்தாளராயினர். இன்று பரிசு வாங்கும் தலைமுறை, விதைத்தவர்க்குச் செலுத்த வேண்டிய கடன் அடுத்த தலைமுறையிடம் நிற்கிறது. அரை நிமிடப் படத்துக்கு வேண்டிய எட்டுச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது ஒரு புதின அதிகாரம் எழுதுவதைவிட எளிதன்று.

இரண்டாவது பங்கு பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உரியது. அதே 1950களில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் எங்கள் உயிர்' இயக்கத்துக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி எனத் தோட்டத் தொழிலாளரும் ஈந்தனர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெற அவ்வியக்கம் துணை நின்றது. 1960இல் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்கத் தொழிலாளர் தம் சிறு கூலியிலிருந்து பணம் சேர்த்தனர். பல்கலைக்கழகத்துக்கும் தோட்டத்துக்கும் வெள்ளி சேர்த்த கைகளின் பேரர்கள், தாளுக்கும் வண்ணத்துக்கும் பொருளில்லை என்று சொல்லக் கூச வேண்டும். ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஆறு பள்ளிகளின் எழுத்துப் படங்கள் முடிந்துவிடும்.

வட சிலாங்கூரின் ஆறு பள்ளிகள் முதலில் ஒன்றுகூடட்டும். ஒவ்வொன்றும் இரண்டு உயிரெழுத்தை ஏற்கட்டும். மூத்த மாணவர் வரையட்டும், ஆசிரியர் சேர்க்கட்டும், ஊரிலுள்ள ஒரு பாட்டி குரல் கொடுக்கட்டும். படம் பாலர்பள்ளியில் ஓடும்போது நடுநடுவே நிறுத்தி, பிள்ளை விடை சொல்லும் வரை ஆசிரியர் காத்திருக்கட்டும். ஓராண்டு முடிவில், பாலர்பள்ளிப் பிள்ளை அவ்வெழுத்துகளை மணலில் தன் விரலால் எழுதுகிறதா என்று சோதித்துப் பார்க்கட்டும். எழுதாவிட்டால் இக்கட்டுரையின் வாதம் தோற்றதென்று கொள்ளலாம். எழுதினால், நாடா வெட்டுவோர் அடுத்த முறை கத்தரியை வகுப்பறையிலேயே விட்டுச் செல்லட்டும். அங்கே தாள் வெட்டப் பயன்படும்.